ஓர் உண்மைக்கு ஓர் இடம்

சென்ற மார்கழியில் ஓர் இரவு. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நம் சங்கத்து நண்பர் ஒருவருடைய தந்தையார் இவ்வூர் மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தார். விடிந்தால் அறுவைச் சிகிச்சை. ஓ நெகட்டிவ் இரத்தம் வேண்டும் என்று செய்தி வந்தது. தமிழ் மாணவர்களின் இரத்ததானப் பதிவேடு என் பொறுப்பில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் கிடந்த அதைக் கணிப்பொறிக்கு மாற்றி, டேட்டாபேஸ் ஒன்றை அமைத்தவனும் நானே. ஆகவே பதற்றம் சிறிதும் இன்றி மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு வரி தட்டினேன். முதுகலை படிக்கும் அண்ணன் ஒருவரின் பெயர் வந்தது. அழைத்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று இந்தியில் ஒரு குரல் சொல்லிற்று.

பிறகு ஒன்றரை மணி நேரம் குளிரில் விடுதி விடுதியாக அலைந்தோம். அண்ணன் அறை மாறியிருந்தார். எப்படியோ கண்டுபிடித்து எழுப்பினோம். போர்வையோடு வந்தார், இரத்தம் கொடுத்தார், நண்பரின் தந்தையார் நலமாக ஊர் திரும்பினார். ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது அண்ணன் கேட்ட கேள்வி இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. புதிய எண்ணை ஆகஸ்டு மாதமே கொடுத்தேனே தம்பி, அதை என்ன செய்தாய் என்று கேட்டார்.

அவர் கொடுத்தது உண்மை. நான் எழுதி வைத்ததும் உண்மை. ஆனால் என் பதிவேட்டில் அவர் மூன்று வரிகளில் இருந்தார். மூன்று முறை இரத்தம் கொடுத்தவர் அல்லவா? ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் பெயர், அறை, தொலைபேசி எண் எல்லாம். புதிய எண்ணைக் கடைசி வரியில் மட்டும் திருத்தியிருந்தேன். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே என்று, முதல் வரி ஒன்று போதும் எனக் கட்டளையிட்டவனும் நானே. கணிப்பொறி சொன்னபடி செய்தது. அதன்மேல் குற்றமில்லை.

நான் வேதியியல் மாணவன். எனக்குக் கணிப்பொறி கற்பித்த ஆசிரியர் எவரும் இல்லர். விடுதியின் வைஃபை இரவில்தான் சற்று உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில் இணையத்தில் கிடைக்கும் இலவசப் பாடங்களைப் பார்த்துக் கற்றேன். செலக்ட் என்று எழுது, ஃப்ரம் என்று எழுது, வேர் என்று எழுது என்பார்கள். எழுதினேன். விடை வந்தது. கிளிப்பிள்ளைக்குக் கிடைக்கும் பழம் போல ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு பச்சை அடையாளம் கிடைத்தது. நடுவில் நார்மலைசேஷன் என்று ஒரு பாடம் இருந்தது. பேசியவர் உறக்கத்தில் பேசுவது போல் பேசினார். நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்த இரவுக்குப் பின், வெட்கத்தோடு அப்பாடத்திற்குத் திரும்பினேன். அதில் பாய்ஸ்-காட் வடிவம் என்று ஒன்று வந்தது. அதை ஒரே ஆளின் பெயர் என்று எண்ணியிருந்தேன். இருவர் என்று அப்போதுதான் அறிந்தேன். பாய்ஸ் ஒருவர், காட் ஒருவர். தமிழில் எழுதினால் கடவுள் என்று ஆங்கிலத்தில் சொல்வது போல் இருக்கிறது; அவ்வாறு படித்துவிடாதீர்கள். கோபமும் பிடிவாதமும் உள்ள மனிதர்தாம். யார் இவர் என்று தேடப் போய், பாடத்தை மறந்து அவர் வாழ்க்கையில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தேன்.

எட்கர் ஃபிராங்க் காட் 1923-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லண்டு என்னும் இடத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை தோல் தொழில் செய்தவர். தாய் பள்ளி ஆசிரியை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். வேதியியல் என்று கண்டதும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதைச் சொல்ல வேண்டுமா? இடையில் உலகப்போர் வந்தது. பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாகப் பணியாற்றினார். போர் முடிந்து பட்டத்தை முடித்துக்கொண்டு 1948-இல் அமெரிக்கா சென்றார். அங்கே முதலில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? நியூயார்க்கின் மேசிஸ் என்னும் பெருங்கடையில் ஆண்களுக்கான உடை விற்பது! பிறகு டென்னசி பல்கலைக்கழகத்தில் சில மாதம் கணிதம் கற்பித்தார். 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார்.

அமெரிக்காவில் அப்போது செனட்டர் மெக்கார்த்தியின் காலம். பொதுவுடைமையாளர் என்று ஐயப்பட்டவரை எல்லாம் விசாரணைக் கூண்டில் ஏற்றிய காலம். காட் அதைப் பொறுக்கவில்லை. 1953-இல் நாட்டை விட்டே புறப்பட்டுக் கனடாவின் ஒட்டாவா நகருக்குப் போய்விட்டார். வேலையும் வீடும் நன்றாக அமைந்திருக்கும்போது இப்படிப் புறப்பட எத்தனை பேருக்கு மனம் வரும்? சில ஆண்டுகள் கழித்தே திரும்பி வந்தார். மீண்டும் ஐ.பி.எம்.; பிறகு நாற்பது வயதை நெருங்குகையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராகி, 1965-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆராய்ச்சி தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் இயந்திரங்களைப் பற்றியது. அது வேறு கதை.

பட்டம் பெற்ற பின் கலிபோர்னியாவில், சான் ஓசேயில் இருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்திற்கு வந்தார். அங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

அக்காலத்து டேட்டாபேஸ் எப்படி இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐ.பி.எம். விற்ற ஐ.எம்.எஸ். என்பது ஒரு மரம் போன்றது. வேரிலிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து கொம்புக்கு என்று இறங்கிப் போனால்தான் வேண்டிய செய்தி கிடைக்கும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் என்பவர் அமைத்தது ஒரு வலை போன்றது. அங்கும் முடிச்சுக்கு முடிச்சு தாவிப் போக வேண்டும். கேள்வி கேட்பவனுக்கு வழி முழுதும் தெரிந்திருக்க வேண்டும். நம் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு விடுதிக்குக் கீழும் அங்குள்ள மாணவர்களை வரிசைப்படுத்தி வைத்தோம் என்றால், இன்ன விடுதியில் யார் யார் என்பது எளிது. ஓ நெகட்டிவ் யார் யார் என்று கேட்டாலோ, எல்லா விடுதிகளையும் ஏறி இறங்க வேண்டும். அன்று இரவு நாங்கள் அலைந்தோமே, அதே அலைச்சல்தான். சரி, இரத்த வகைப்படி மாற்றி அடுக்குவோம் என்றால், முன்பு எழுதிய புரோகிராம்கள் அத்தனையும் பாழ். வழி மாறியதால் வழிப்போக்கன் தொலைந்தான்.

காட் கேட்ட கேள்வி எளியது. செய்தி எங்கே, எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது கேட்பவனுக்கு ஏன் தெரிய வேண்டும்? எது வேண்டும் என்று அவன் சொன்னால் போதாதா? எப்படி எடுப்பது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டுமே!

இதற்கு அவர் கணிதத்தை நாடினார். நாம் பள்ளியில் படித்த கணங்களை நினைவுகூருங்கள். கணத்தில் முதல் உறுப்பு, கடைசி உறுப்பு என்று கிடையாது; ஒன்றே இருமுறை வருவதும் கிடையாது. செய்திகளை எல்லாம் அத்தகைய கணங்களாக, எளிய அட்டவணைகளாக வைத்துவிடலாம் என்றார். ஓர் அட்டவணையை மற்றொன்றோடு இணைப்பது முகவரிச் சீட்டு அன்று. இரண்டிலும் உள்ள பொதுவான மதிப்பு. நம் பதிவு எண் போல. முதலில் 1969-இல் நிறுவனத்துக்குள்ளேயே ஓர் அறிக்கையாக எழுதினார். 1970 ஜூனில் அது கட்டுரையாக வெளிவந்தது. மொத்தம் பதினோரு பக்கம். அடுத்த சில ஆண்டுகளில், ஒரே செய்தி பல இடங்களில் எழுதப்பட்டால் என்னென்ன கேடு விளையும், அதைத் தவிர்க்க அட்டவணையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதையும் படிப்படியாக வகுத்துத் தந்தார். நான் தாண்டிப் போன பாடம் அதுதான். என் பிழையை, நான் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்! படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐ.பி.எம். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டாடியது என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஐ.எம்.எஸ். நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. விற்கும் சரக்கைப் பழையது என்று தம் ஆளே சொன்னால் எந்த வணிகருக்கு இனிக்கும்? காட் விடவில்லை. வாடிக்கையாளர்களிடமே போய் விளக்கினார். 1974-இல் ஆன் ஆர்பரில் நடந்த மாநாட்டில் பாக்மனோடு நேருக்கு நேர் வாதிட்டார். பாக்மன் அதற்கு முந்தைய ஆண்டுதான் கணிப்பொறித் துறையின் மிகப்பெரிய விருதான டியூரிங் விருதைப் பெற்றிருந்தார். அவ்விழாவில் ஆற்றிய உரையின் தலைப்பிலேயே புரோகிராம் எழுதுபவனை வழிகண்டு செலுத்தும் மாலுமியாக உருவகித்தார். மெய்யாகவே விமானம் ஓட்டிய காட், கேட்பவனுக்கு அந்த வேலை வேண்டாம் என்று வாதிட்டார். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

ஒருவழியாக ஐ.பி.எம். சிஸ்டம் ஆர் என்னும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதில் டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு கேள்வி மொழியை உருவாக்கினார்கள். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். ஆயிற்று. பாய்ஸ் 1974-இலேயே, மொழி பிறந்த கையோடு, இளம் வயதில் இறந்துபோனார். தம் பெயர் உலகத்துப் பாடநூல்களில் எல்லாம் ஏறப்போவதை அவர் அறியார். இதே வேளையில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் காட்டின் கட்டுரையைப் படித்து இன்கிரஸ் என்று ஒன்றைச் செய்தார்கள். நம்மில் பலர் பயன்படுத்தும் போஸ்ட்கிரஸ் அதன் வழிவந்தது. வெளியாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1979-இல் ஆரக்கிள் சந்தைக்கு வந்தது. சொந்த வீட்டில் பிறந்த கருத்தை ஐ.பி.எம். விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 1981 ஆகிவிட்டது. அதே ஆண்டு காட்டுக்கும் டியூரிங் விருது கிடைத்தது.

வென்றுவிட்டார் அல்லவா? அவருக்கு நிறைவில்லை. எஸ்.கியூ.எல். அவர் செய்த மொழி அன்று. ஒரே வரி இரண்டு முறை வர அது இடம் கொடுத்தது. கணத்தில் அது ஆகுமா? இப்படிப் பல குறைகள் சொன்னார். 1984-இல் ஐ.பி.எம்.மை விட்டு விலகினார். எதை எடுத்தாலும் உறவுநிலை டேட்டாபேஸ் என்று பெயரிட்டு விற்கிறார்களே என்று சினந்து, 1985-இல் பன்னிரண்டு விதிகளை வெளியிட்டார். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று இருக்கும், சுழியத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்! அவரைக் குறையே இல்லாதவர் என்றும் சொல்வதற்கில்லை. 1993-இல் அவர் எழுதிய புகழ்பெற்ற அறிக்கை ஒன்று, ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பொருளுதவியோடு எழுதப்பட்டது என்று பின்னர் பேச்சு எழுந்தது. விதிகள் வகுத்தவர் இன்னும் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. 2003 ஏப்ரல் 18-ஆம் நாள் ஃபுளோரிடாவில் இதய நோயால் காலமானார். வயது 79.

பொங்கல் விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம். பதிவேட்டை முழுதும் பிரித்துப் போட்டேன். மாணவர்களுக்கு ஓர் அட்டவணை. ஒருவருக்கு ஒரே வரி. அறையும் எண்ணும் அங்கு மட்டும். இரத்தம் கொடுத்த நாள்களுக்கு வேறோர் அட்டவணை. அதில் பதிவு எண்ணும் நாளும் இடமும் அன்றி வேறொன்றும் இல்லை. பிரிக்கும்போதுதான் தெரிந்தது, அண்ணன் ஒருவர் மட்டுமல்லர். இன்னும் பதினோரு பேருக்கு என் பழைய பதிவேட்டில் இரண்டு எண்கள் இருந்தன. எது சரியானது என்பதை எந்தக் கட்டளையாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொருவர் அறையாகப் போய்க் கதவைத் தட்டிக் கேட்டு எழுதினேன். ஒன்பது பேர் கிடைத்தார்கள். இருவர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள்.

அண்ணன் பிப்ரவரியில் மீண்டும் எண்ணை மாற்றினார். ஓரிடத்தில் திருத்தினேன்.