ஏழைக் கிழவிக்கும் பென்ஷன்!

விருதுநகரில் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி காமராஜர் பிறந்தார். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மாள்.

காமராஜருக்கு 6 வயது. தந்தை இறந்து போனார். குடும்பம் தவித்தது. படிப்பு 6-ம் வகுப்போடு நின்றது. சிறுவன் மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சம்பாதிப்பவர் இல்லாத வீடு என்ன பாடுபடும் என்பதைக் கண்ணால் கண்டான்.

பிறகு காமராஜர் காங்கிரசில் சேர்ந்தார். சுதந்திரப் போரில் சுமார் 9 ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

முதல்-மந்திரி

1954 ஏப்ரல் 13-ந்தேதி சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனார்.

தனியார் பள்ளி ஆசிரியர்கள் ஓய்வு பெற்றால் பென்ஷன் இல்லாமல் திண்டாடினார்கள். 1955-ல் அவர்களுக்குப் பென்ஷன், சேமநிதி, இன்சூரன்ஸ் மூன்றும் கிடைக்க வழி செய்தார். 1956-ல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதியச் சோறு போட்டார்.

ஆசிரியருக்குப் பென்ஷன் வந்தது. கூலிக்காரருக்கு?

கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. அங்கே நடவு நட்டுக் களை பறித்த கைகள் ஒருநாள் ஓய்ந்துவிடும். மகன் இருந்தால் கஞ்சி. யாரும் இல்லாவிட்டால் பிச்சைதான்!

1962 ஏப்ரல் 1-ந்தேதி அதற்கும் வழி பிறந்தது. ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவி. மத்திய சர்க்கார் நாடு முழுவதும் இத்தகைய பென்ஷன் கொடுத்தது 1995-ல்தான். 33 ஆண்டுகளுக்குப் பிறகு!

மலையில் என்ன நிலை?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. அங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். மலை ஜாகீர்தார்கள் வசம் இருந்தது. சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது 1976-ல்தான். சமவெளியில் சட்டம் வந்தாலும் மலை ஏற நாளாயிற்று.

காமராஜர் அதைப் பார்க்கவில்லை. 1975 அக்டோபர் 2-ந்தேதி, சென்னை தியாகராயநகர் வாடகை வீட்டில் காலமானார். 9 ஆண்டுகள் முதல்-மந்திரியாக இருந்தவர், தமக்கென்று சொத்து சேர்க்கவில்லை.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. மலை மக்களுக்கு வெள்ளிமலையிலேயே தாலுகா ஆபீஸ் உண்டு. 20 ரூபாயில் தொடங்கிய உதவி, 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது.

மணியார்டர் வரும் மகன் இல்லாத தாய்க்கும் மாதம் பிறந்தால் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு வித்திட்டவர், தகப்பனை இழந்த அந்த விருதுநகர்ச் சிறுவன்தான்.