பொம்மைப் படை நடத்திய எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ்

நவராத்திரி வந்தால் பாலக்காட்டு அக்கிரகாரங்களில் கொலு வைப்பார்கள். தெய்வ உருவங்களோடு சில வீடுகளில் தொப்பி போட்ட சிப்பாய் பொம்மைகளும் வரிசையாக நிற்கும். மூணாறு, பீர்மேடு தோட்டத்து லயங்களில் கரியால் கோடு போட்டு ஆடு-புலி ஆட்டம் ஆடத் தெரிந்தவர்கள் உண்டு.

பொம்மையும் நமக்குப் புதிதல்ல, ஆட்டமும் புதிதல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, வீட்டுத் தரையில் ஒரு போர்க்களத்தையே அமைத்து, அதற்கு விதிகளும் எழுதினார் ஓர் ஆங்கிலேயர். அவர் படைத் தளபதி அல்ல. துணிக்கடையில் வேலை பார்த்து, பிறகு உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ்.

ஏழைக் குடும்பம்

லண்டனை அடுத்த பிராம்லி என்ற ஊரில் 1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி வெல்ஸ் பிறந்தார். முழுப்பெயர், ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ். தந்தை ஜோசப், தோட்டக்காரராக இருந்தவர். பிறகு பீங்கான் பாத்திரக்கடை வைத்தார். கடையில் வியாபாரம் இல்லை. ஆனால் அவர் நல்ல கிரிக்கெட் பந்து வீச்சாளர். 1862-ல் நடந்த ஒரு போட்டியில் அடுத்தடுத்து 4 பந்துகளில் 4 பேரை ஆட்டம் இழக்கச் செய்தவர். அந்த ஆட்டத்தில் வந்த வருமானமும் குடும்பத்துக்கு உதவியது.

தாயார் சாரா, பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர்.

வெல்சுக்கு 7 வயதானபோது கால் எலும்பு முறிந்தது. பல வாரங்கள் படுக்கையில் கிடந்தார். பொழுது போவதற்காகத் தந்தை நூல் நிலையத்திலிருந்து புத்தகங்கள் வாங்கி வந்து கொடுத்தார். அப்போது பிடித்துக்கொண்ட படிப்பு ஆசை பிறகு விடவே இல்லை.

1877-ல் தந்தை கீழே விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கிரிக்கெட் வருமானம் நின்றது. குடும்பம் தள்ளாடியது. தாயார் மறுபடியும் வேலைக்குப் போனார். அப்பார்க் என்ற மாளிகையில் வீட்டு நிர்வாகி ஆனார். பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் கடை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

துணிக்கடைப் பையன்

வெல்ஸ் முதலில் வின்ட்சர் நகரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். அங்கே நிலைக்கவில்லை. மருந்துக்கடை ஒன்றில் சேர்ந்தார். அதுவும் நிலைக்கவில்லை. 1881-ல் சவுத்சீ என்ற கடற்கரை ஊரில் பெரிய துணிக்கடை ஒன்றில் வேலை பழகும் பையனாகச் சேர்க்கப்பட்டார். தாயார் அதற்குப் பணம் கட்டி ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நாள் ஒன்றுக்கு 13 மணி நேர வேலை. மற்றப் பையன்களுடன் ஒரே கூடத்தில் தூக்கம். காலையில் துடைப்பதும், துணிகளை மடித்து அடுக்குவதும், வாடிக்கைக்காரர்கள் முன் கைகட்டி நிற்பதுமாக இரண்டு ஆண்டுகள் போயின. ஊரைவிட்டு வந்து கடைகளிலும் ஓட்டல்களிலும் பிழைப்பவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பது விளக்காமலே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்ஸ் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். காலை உணவுகூட இல்லாமல் 17 மைல் தூரம் நடந்து தாயாரிடம் போய்ச் சேர்ந்தார். இனி அந்தக் கடையில் இருந்தால் உயிரை விட்டுவிடுவதாகச் சொன்னார். தாயார் அழுதார். கடைசியில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளச் சம்மதித்தார்.

1883-ல் மிட்ஹர்ஸ்ட் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தானும் படித்தார். மறு ஆண்டே அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. லண்டன் விஞ்ஞானக் கல்லூரியில் சேர்ந்து, புகழ்பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். வாரம் 21 ஷில்லிங்கில் காலம் தள்ள வேண்டியிருந்தது. வயிறு காய்ந்த நாட்கள் அவை.

நோய் தந்த பேனா

படிப்பு முடிந்து ஆசிரியர் வேலைக்குப் போனார். மைதானத்தில் கால்பந்து ஆடும்போது அடிபட்டுச் சிறுநீரகம் கெட்டது. நுரையீரலில் இரத்தம் கசிந்தது. 1893-ல் மீண்டும் இரத்தம் வந்தபோது, இனி வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியாது என்று ஆகிவிட்டது. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எழுத்து ஒன்றுதான். எழுதத் தொடங்கினார்.

1895-ல் 'கால இயந்திரம்' வெளிவந்தது. 1897-ல் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்'. 1898-ல் செவ்வாய்க் கிரகவாசிகள் பூமிமீது படையெடுக்கும் 'உலகங்களின் போர்'. மூன்றே ஆண்டுகளில் துணிக்கடைப் பையனின் பெயர் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. சான்ட்கேட் என்ற கடற்கரை ஊரில் சொந்த வீடு கட்டிக்கொண்டார்.

குடும்ப வாழ்க்கை அவ்வளவு சீராக இல்லை. முதல் திருமணம் முறிந்தது. பிறகு, தன்னிடம் படித்த ஏமி கேதரினை மணந்தார். அந்த அம்மாளை 'ஜேன்' என்றே அழைப்பார். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். பொம்மை யுத்தத்தின் கதை இந்தப் பிள்ளைகள் வளர்ந்த வீட்டில்தான் தொடங்குகிறது.

மதிய உணவுக்குப் பிறகு

அந்த நாளில் இங்கிலாந்துச் சிறுவர்களிடம் ஈயச் சிப்பாய்கள் இல்லாத பெட்டியே இராது. முன்பு அவை ஜெர்மனியிலிருந்து வந்தன, விலை அதிகம். 1893-ல் வில்லியம் பிரிட்டன் என்பவர் புது முறை ஒன்றைக் கண்டார். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியதும் மிச்சத்தைத் திருப்பிக் கொட்டிவிடுவது. உள்ளே கூடாக இருந்ததால் ஈயமும் குறைந்தது, விலையும் குறைந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் கையாலேயே வர்ணம் பூசினார்கள்.

ஸ்பிரிங் வைத்து மரக்குண்டு எறியும் சிறு பீரங்கியும் அதே கம்பெனி செய்தது. ஒரு நாள் சான்ட்கேட் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த நண்பர் ஒருவர், மதிய உணவுக்குப் பிறகு அந்தப் பீரங்கியை எடுத்து, மேஜைமீது நின்ற சிப்பாய் ஒன்றைக் குறிபார்த்துச் சுட்டார். சிப்பாய் விழுந்தான். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே.ஜெரோம்தான் அந்த நண்பர் என்பார்கள்.

மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. தடித்த கலைக்களஞ்சியப் புத்தகங்கள் மலைகள் ஆயின. இரு பக்கமும் படை நிறுத்திச் சுட்டார்கள். வெறுமனே சுட்டுக்கொண்டிருந்தால் அது சிறுபிள்ளை விளையாட்டு. படை நகர வேண்டும். நகர்வதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். வெல்ஸ் ஒவ்வொரு ஆட்டத்திலும் விதிகளைத் திருத்திக்கொண்டே வந்தார்.

ஆட்டத்தின் விதிகள்

1913-ல் அந்த விதிகளை 'சின்னப் போர்கள்' என்ற பெயரில் புத்தகமாக வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு குழந்தைகளின் தரை விளையாட்டுகளைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருந்தார்.

காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி தூரம் நகரலாம். குதிரைப்படை 2 அடி. பீரங்கியை நகர்த்தவோ சுடவோ பக்கத்தில் குறைந்தது 4 பேர் இருக்க வேண்டும். தொடக்கத்தில் களத்தின் நடுவே திரை கட்டி, இரு தரப்பும் ஒருவருக்கொருவர் தெரியாமல் படை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கடிகாரம் பார்த்து நேரக் கணக்கு உண்டு. யோசித்துக்கொண்டே இருக்க முடியாது.

இரு படைகள் நேருக்கு நேர் மோதினால் ஆளுக்கு ஆள் சாவு. ஒரு பக்கம் மிகவும் சிறுத்துப்போனால் கைதிகள் பிடிக்கலாம். மரத்துண்டில் வீடு, சுண்ணாம்புக் கட்டிக் கோட்டில் ஆறு, செடிக் கிளையில் காடு. படங்களை எல்லாம் ஜேன் எடுத்துக் கொடுத்தார்.

அதற்கு முன்பே பிரஷ்ய ராணுவத்தில் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர வரைபடத்தில் போர் ஆட்டம் நடத்துவது உண்டு. அது ராணுவத்தின் பாடம். வெல்ஸ் அதைக் கூடத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டு வந்தார்.

போரை வெறுத்தவர்

போரை இவ்வளவு ரசித்து ஆடியவர், உண்மைப் போரை விரும்பியவரா? புத்தகத்தின் முடிவில் அவரே இதற்குப் பதில் எழுதினார். நிஜப் போர் எவ்வளவு பெரிய மடமை என்பது இந்த ஆட்டத்தை மூன்று நான்கு முறை ஆடியவனுக்கு விளங்கிவிடும். போர் வெறி கொண்ட மன்னர்களையும் தளபதிகளையும் ஓர் அறையில் அடைத்து, ஈயச் சிப்பாய்களைக் கொடுத்துவிட்டால் உலகம் நிம்மதியாக இருக்கும் என்பது அவருடைய வாதம்.

புத்தகம் வந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. அப்போது வெல்ஸ் போருக்கு ஆதரவாகவே எழுதினார். இது போர்களுக்கெல்லாம் முடிவு கட்டும் போர் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. பிற்காலத்தில் பலர் அதைச் சொல்லி அவரைக் கேலி செய்தார்கள்.

கற்பனையில் அவர் கண்ட ஆயுதங்களோ ஒவ்வொன்றாக மெய்யாகின. இரும்புக் கவசம் பூண்டு ஊர்ந்து வரும் போர் வண்டிகளை 1903-லேயே ஒரு கதையில் எழுதியிருந்தார். 1916-ல் டாங்கிகள் போர்முனைக்கு வந்தன. 1914-ல் வெளியான நாவலில் அணுகுண்டு என்ற பெயரையே சூட்டியிருந்தார். அந்த நாவலைப் படித்தவர்களில் ஒருவர் விஞ்ஞானி லியோ சிலார்ட். அணுவைப் பிளக்கும் தொடர் நிகழ்ச்சி பற்றிய எண்ணம் 1933-ல் அவருக்குத்தான் உதித்தது.

அசோகருக்கு முதல் இடம்

போர் முடிந்ததும் வெல்ஸ் உலக சரித்திரம் எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு நாடும் தன் வெற்றிகளை மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதால்தான் பகை வளர்கிறது என்பது அவர் கருத்து. 1920-ல் வெளிவந்த அந்தச் சரித்திரம் லட்சக்கணக்கில் விற்றது.

அதில் இந்தியர்கள் மறக்கக்கூடாத பகுதி ஒன்று உண்டு. உலகத்து மன்னர்களில் அசோகருக்கு வெல்ஸ் தனி இடம் கொடுத்தார். காரணம், கலிங்கத்தில் வென்ற பிறகு போரையே கைவிட்டவர் அவர். தோற்றுப்போய்ப் போரை விட்டவர்கள் பலர். வென்ற பிறகு விட்டவர் அவர் என்று வெல்ஸ் வியந்தார். சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு உலக சரித்திரக் கடிதங்கள் எழுதிய நேருவும் வெல்சின் புத்தகத்தைப் பயன்படுத்தினார்.

1934-ல், தானே நீரிழிவு நோயாளியாக இருந்ததால், நீரிழிவு நோயாளிகளுக்கென ஒரு சங்கத்தை டாக்டர் லாரன்சுடன் சேர்ந்து தொடங்கினார். இரண்டாவது உலகப்போரில் லண்டன்மீது குண்டுகள் விழுந்தபோது வீட்டைவிட்டு ஓட மறுத்தார். 1940-ல் மனித உரிமைகள் பற்றி எழுதினார். ஐ.நா. சபை 1948-ல் மனித உரிமைப் பிரகடனம் வெளியிட்டபோது அவர் இல்லை.

1945-ல் ஹிரோஷிமாமீது அணுகுண்டு விழுந்த செய்தியைக் கேட்கும்வரை இருந்தார். 1946-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி லண்டனில் காலமானார். வயது 79. பிள்ளைகள் அவருடைய அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள்.

இன்றும் ஆடுகிறார்கள்

அவர் தொடங்கி வைத்த ஆட்டம் 1960-களில் இங்கிலாந்தில் புது வேகம் பெற்றது. இன்று பல நாடுகளில் போட்டிகள் நடக்கின்றன. பீரங்கிக்குப் பதில் தாயக்கட்டை உருட்டுகிறார்கள். தூரத்தை டேப்பால் அளக்கிறார்கள். ஈயச் சிப்பாய்களை பிரிட்டன் கம்பெனி 1966-ல் நிறுத்திவிட்டது. விரல் உயரம்கூட இல்லாத உருவங்களுக்கு மெல்லிய தூரிகையால் வர்ணம் பூச மாதக்கணக்கில் உழைக்கிறார்கள்.

வர்ணத்தில் தவறு இருக்கக்கூடாது என்பதற்காகச் சரித்திரம் படிக்க வேண்டியிருக்கிறது. ஹைதர் அலி 1766-ல் கட்டிய பாலக்காடு கோட்டையை 1790-ல் கும்பெனிப் படை பிடித்த போரை ஆடுவதானால், கும்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை. திப்புவின் வீரனுக்குப் புலிக்கோடு அச்சிட்ட சட்டை. அகழி எவ்வளவு அகலம், மதில் எவ்வளவு உயரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் போட்டிகளுக்கான படைப் பட்டியல்களில் யானைகளோடு பழைய இந்தியப் படையும் உண்டு. தமிழ் மன்னர்களின் படையும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரு தரப்புச் சிப்பாய்களையும் துடைத்து ஒரே பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். செத்தவன் என்று யாரும் இல்லை. வெல்ஸ் கேட்டதும் இப்படிப்பட்ட போரைத்தான்.