ஜாஸ் இசையைப் பலிபீடத்தருகே கொண்டுவந்த மேரி லூ வில்லியம்ஸ்

வாசகரே, நியூயோர்க் நகரின் புனித பத்திரிசியார் பேராலயத்தை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வானளாவிய கட்டிடங்களின் நடுவே இரண்டு கூர்ங்கோபுரங்களோடு நிற்கும் கோயில் அது. 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி, தபசு காலத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, அங்கே ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர். பாடியவர்களில் சிறுவர் சிறுமியர் இருந்தனர். பியானோவின் முன் 64 வயதுக் கறுப்பினப் பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். அன்று ஒலித்தது ஜாஸ் இசை. அப்பேராலயத்தின் திருப்பலியில் அவ்விசை ஒலித்தது அதுவே முதற்தடவை.

ஜாஸ் என்றதும் நம்மில் பலருக்கு இரவு விடுதியும் மதுக்கிண்ணமும் நினைவுக்கு வரும். அது முற்றிலும் தவறான நினைவு என்று சொல்வதற்கில்லை. அந்தப் பெண்மணியே சிறு வயது முதல் அப்படிப்பட்ட இடங்களில் வாசித்து வளர்ந்தவர்தாம். அதனாலேயே, கடவுளைத் தேடத் தொடங்கிய நாளில் பியானோவை மூடிவைத்தார். அதை மீண்டும் திறந்தது எப்படி என்பதே இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்பும் கதை.

மேரி லூ வில்லியம்ஸ் அம்மையார் 1910ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அற்லான்ரா நகரில் பிறந்தார். தாயார் மிதிபெட்டி ஓர்கன் வாசிப்பவர். மடியிலிருந்த குழந்தை, தாய் வாசித்ததைத் தானும் கட்டைகளில் தொட்டு வாசித்ததாம். பின்னர் குடும்பம் வடக்கே பிற்ஸ்பேர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. கறுப்பினத்தவர் குடிவந்தது பொறுக்காத வெள்ளை அயலவர்கள் வீட்டின்மேல் செங்கல் எறிந்தார்கள். சில காலத்தில் அதே அயலவர்கள் அந்தச் சிறுமியைத் தங்கள் வீடுகளுக்கு அழைத்து வாசிக்கச் சொன்னார்கள், கல்லெறி நின்றது. பத்து வயதாகுமுன்பே நகரின் செல்வந்தர் வீட்டு விருந்துகளில் வாசித்துக் காசு கொண்டுவந்து கொடுத்தார். மாற்றாந்தந்தை சூதாடும் இடங்களுக்கும் அழைத்துச் சென்றார். படிப்பு இடையில் நின்றது.

பதினாறு பதினேழு வயதில் சக்ஸபோன் கலைஞர் ஜோன் வில்லியம்ஸை மணந்து, ஊர் ஊராகப் போகும் வாழ்க்கையில் இறங்கினார். கணவருக்கு வாத்தியக் குழுவில் இடம் கிடைத்தது; மனைவிக்குக் கிடைக்கவில்லை. ஒக்லஹோமா மாநிலத்தில் மலர்ச்சாலை ஒன்றுக்காகச் சவங்களை ஏற்றி வண்டி ஓட்டியும் சம்பாதித்தார். அந்தி கேர்க் என்பவரின் பன்னிருவர் குழு கன்சஸ் நகரில் இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு வாசித்துக் காட்ட வேண்டிய நாளில் வழமையான பியானோக்காரர் வரவில்லை. மேரி லூ அந்த இடத்தில் உட்கார்ந்தார். பின்னர் அவர் இல்லாமல் அக்குழு இல்லை என்றாயிற்று.

ஜாஸ் இசைத்தட்டுக்களைக் கேட்டு அனுபவிக்க விரும்பும் வாசகருக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நமக்கு இராக ஆலாபனை கேட்டுப் பழகிய காது உண்டு. நாதஸ்வர வித்துவான் ஒரு கீர்த்தனையை எடுத்து, அதன் எல்லைக்குள் நின்றுகொண்டே மனம்போன வழியில் விரித்துச் செல்வதை மணிக்கணக்கில் கேட்டிருக்கிறோம். ஜாஸும் ஏறக்குறைய அப்படியே. மெட்டு ஒன்று, அதன்மேல் அந்தந்த நேரத்தில் பிறக்கும் கற்பனை மற்றொன்று. ஆனால் பன்னிரண்டு பதினைந்து பேர் சேர்ந்து ஊதும் பெருங்குழுவில் ஆளுக்கொரு கற்பனை செய்தால் சந்தை இரைச்சலாகிவிடும். ஆகவே எந்த வாத்தியம் எப்போது, எந்தச் சுரத்தில் நுழைய வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். நால்வகைக் குரலில் பாடும் கோயிற் பாடகர் குழுவை நடத்தியவர்களுக்கு இந்த வேலையின் கஷ்டம் தெரியும். மேரி லூ அந்த வேலையைச் செய்தார். தொடக்கத்தில் சுரங்களை எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல கேர்க் எழுதினார். பிறகு தாமே கற்றுக்கொண்டார். 1936இல் வெளிவந்த ‘வோக்கின் அன்ட் ஸ்விங்கின்’ என்ற தட்டைக் கேட்டுப் பாருங்கள். சக்ஸபோன்கள் போதாத இடத்தில் ஒரு ட்ரம்பெற்றை அவற்றோடு கலந்து, ஐந்து பேர் ஒரே வாயால் பேசுவதுபோலச் செய்திருக்கிறார். இல்லாமையிலிருந்து பிறந்த அழகு அது. பெனி குட்மன் போன்ற புகழ்பெற்ற வெள்ளைக் கலைஞர்களும் இவரிடம் எழுதி வாங்கினார்கள். டியூக் எலிங்டனுக்கும் எழுதிக் கொடுத்தார். 1963இல் தம் குழுவோடு கொழும்புக்கு வந்து வாசித்த அதே எலிங்டன்தான்.

1942இல் கேர்க்கின் குழுவை விட்டு நியூயோர்க்கில் தங்கினார். அவருடைய வீடு இளங்கலைஞர்களுக்குத் திறந்த வீடு. தெலோனியஸ் மங்க், பட் பவல், டிசி கிலெஸ்பி என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர்கள் இரவிரவாக வந்து, தாங்கள் எழுதியதை வாசித்துக் காட்டி ஆலோசனை கேட்டார்கள். 1945இல் பன்னிரண்டு இராசிகளின் பெயரில் பன்னிரண்டு இசைக்கோலங்கள் அமைத்து, பியானோ, டபிள் பேஸ், மேளம் என்ற மூவர் குழுவாகப் பதிவு செய்தார். (இராசி பலன் பார்க்கும் வாசகர்கள் இதைக் கண்டு மகிழவேண்டாம். அந்தந்த இராசியில் பிறந்த சக கலைஞர்களுக்கான காணிக்கையாகவே அவற்றை எழுதினார்.) பெருங்குழுவில் முன்னேற்பாடே பிரதானம், மூவர் குழுவில் ஒருவர் சொல்வதை மற்ற இருவரும் அக்கணத்தில் கேட்டுப் பதில் சொல்வதே உயிர். என் அபிப்பிராயத்தில் ஜாஸ் கேட்கத் தொடங்குபவர் மூவர் குழுவிலேயே தொடங்குவது நல்லது. வாத்தியங்கள் குறைவு; ஒவ்வொன்றின் குரலும் தனியே தெரியும்.

இத்தனை புகழுக்கிடையிலும் பணம் தங்கவில்லை. இரண்டு திருமணங்களும் நிலைக்கவில்லை. 1952இல் இங்கிலாந்து சென்றார். பின்னர் பாரிஸ் சென்றார். 1954இல் பாரிஸ் விடுதியொன்றில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். நோயில்லை, ஆதரவில்லாமலும் இல்லை. வாசிப்பதில் பொருள் இல்லை என்று தோன்றிவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் நியூயோர்க் திரும்பினார். சில மாதங்களில், 1955 மார்ச்சில், நண்பர் சார்ளி பார்க்கர் 34 வயதில் இறந்தார். அக்கால ஜாஸ் உலகின் ஒப்பற்ற சக்ஸபோன் கலைஞர் அவர். போதைப்பொருள் அவரைத் தின்றுவிட்டது. மேரி லூ அறிந்த வேறு பலரும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர் செபிக்க இடம் தேடினார். ஹார்லெம் பகுதியில் லூர்து அன்னையின் ஆலயம் ஒன்று உண்டு. பகலில் எந்நேரமும் கதவு திறந்திருந்தது அந்தக் கோயில்தான் என்பதால் அங்கே போய் இருந்தார். (கோயிலைப் பூட்டி வைக்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.) அவர் அப்போது கத்தோலிக்கர் அல்லர். மணிக்கணக்காக முழந்தாளிலிருந்து, தமக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் நீண்ட பட்டியலாக எழுதி வைத்துச் செபித்தார். போதையில் விழுந்த கலைஞர்களைத் தம் சிறிய வீட்டில் தங்கவைத்து, சமைத்துக் கொடுத்து, கைக்காசு தீரும்வரை பராமரித்தார். பின்னர் அவர்களுக்காக ஒரு நிதியமும், பழைய உடுப்புக்களைச் சேகரித்து விற்கும் கடையும் தொடங்கினார். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. வந்த காசு வந்தவழியே போயிற்று. ஆயினும் கைவிடவில்லை.

யேசுசபைக் குரு வண. பிதா அந்தனி வூட்ஸ் அவருக்கு மறையறிவு போதித்தார். கிலெஸ்பியின் மனைவி லொறெய்னும் அவரும் 1957 மே மாதத்தில் நியூயோர்க் புனித லொயோலா இஞ்ஞாசியார் ஆலயத்தில் திருச்சபையில் சேர்ந்தார்கள்.

பழைய கதைகளில் இந்த இடத்தோடு பியானோ முற்றாக மறைந்து, கன்னியர் மடத்தின் கதவு திறந்திருக்கும். அவருக்கும் அந்த எண்ணம் இருந்தது: இசை உலகத்துக்குரியது, செபம் கடவுளுக்குரியது, இரண்டும் ஓர் உள்ளத்தில் தங்கா. ஆனால் வூட்ஸ் அடிகளும், ஜாஸ் பிரியரான வண. பிதா ஜோன் குறோலியும் வேறு புத்தி சொன்னார்கள். கடவுள் தந்த திறமையைப் புதைத்து வைக்கவேண்டாம், வாசிப்பையே செபமாக ஒப்புக்கொடும் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். குருக்களாகிய எங்களுக்கு எளிதாக வருவது, இதை விடு, அதை விடு என்ற ஆலோசனைதான். விட்டதை மீண்டும் கையில் எடு என்று சொல்வதற்கு ஆளை அறிந்திருக்க வேண்டும். அந்த இருவரும் அறிந்திருந்தார்கள்.

அவ்வாண்டு ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் திருவிழாவில் கிலெஸ்பியின் பெருங்குழுவோடு மேடையேறினார். அது அங்கேயே பதிவு செய்யப்பட்டு இசைத்தட்டாக வந்தது. திறந்தவெளி, கோடைகாலம், ஆர்ப்பரிக்கும் சனம். அந்தப் பெருங்குழுவின் நடுவே, மூன்றாண்டு மௌனமாயிருந்த கை தன் இராசிக் கோலங்களில் சிலவற்றைத் தொடுகிறது. முன்கதை தெரிந்தவர்க்கு அந்தத் தட்டு இரட்டிப்பு இன்பம் தரும்.

1962 மே 6ஆம் திகதி பாப்பரசர் 23ஆம் அருளப்பர், பெரு நாட்டின் மார்ட்டின் தெ பொறஸைப் புனிதராக உயர்த்தினார். விளக்குமாற்றோடு நிற்கும் அவருடைய படத்தை நீங்கள் அறிவீர்கள். ஸ்பானியப் பிரபுவுக்கும், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத் தாய்க்கும் லீமா நகரில் பிறந்து, சாமிநாதர் சபையில் சகோதரராகப் பணி செய்தவர். வூட்ஸ் அடிகள் பாடலை எழுதினார். மேரி லூ இசையமைத்தார். அவ்வாண்டு நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடிச் சில வாரங்களே ஆனபோது, அது நியூயோர்க் புனித சவேரியார் ஆலயத்தில் பாடப்பட்டது. பெரும்பகுதி வாத்தியமின்றிக் குரல்களால் மட்டுமே நகரும். நடுவில் திடீரெனப் பியானோ வந்து துள்ளும். 1964இல் வெளியான இசைத்தட்டில் இந்தப் பாடலும், நற்கருணை வாங்கியபின் செபிக்கும் ‘அனிமா கிறிஸ்ரி’ செபமும், மூவர் குழுவாக வாசித்த சாதாரண ஜாஸ் மெட்டுக்களும் அருகருகே இருக்கின்றன. பிரித்துவைக்க அவர் விரும்பவில்லை. ஒரேயொரு தட்டு வாங்குவதானால் இதையே வாங்குங்கள் என்பேன்.

பிற்ஸ்பேர்க்கில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்தபோது, 1967இல், தமது முதலாவது திருப்பலி இசையை அமைத்தார். அடுத்து தபசு காலத்துக்கு ஒன்று. பின்னர் உரோமையிலிருந்து கேட்டுக்கொண்டபடி சமாதானத்துக்கான திருப்பலி. 1971இல் நடனமேதை அல்வின் எய்லி இந்த மூன்றாவதை நடனமாக அமைத்தபின், மேரி லூவின் பூசை என்றே அதற்குப் பெயராயிற்று. எல்லாப் பகுதிகளும் ஒரே தரமல்ல. அக்கால நாகரிகத்துக்காகச் சேர்த்த சில தாளங்கள் இன்று பழசாய்ப் போயின. ஆனால் செல்வந்தன் வாசலில் கிடந்த இலாசரைப் பற்றிய பகுதியைக் கேட்டவர் இலகுவில் மறவார். எதிர்ப்பும் இருந்தது. எங்கள் ஆலயங்களுக்குள் மிருதங்கம் வந்தபோது முகம் சுளித்த பெரியவர்களைப் பற்றி நாமும் கேள்விப்பட்டிருக்கிறோமே. பேராலயத்தில் அந்தப் பூசை ஒலிக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்காக விடுதிகளில் வாசிப்பதை அவர் நிறுத்தவில்லை. நியூயோர்க்கில் ஓர் உணவகத்தில் இரவுதோறும் வாசித்தார். 1977 முதல் வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மாணவருக்கு ஜாஸ் கற்பித்தார். 1979இல் சிக்காகோவின் றிக்ஸ் கபேயில் மூவர் குழுவாக வாசித்ததன் நேரடிப் பதிவு, அவர் இறந்தபின் இசைத்தட்டாக வெளிவந்தது. எழுபதை அண்மித்த வயது. ஆயினும் கையில் தளர்ச்சி இல்லை. இடக்கை, கன்சஸ் நகர நாட்களில் உருண்டதுபோலவே உருள்கிறது.

புற்றுநோய் அவரைப் பிடித்தது. 1981 மே 28ஆம் திகதி டியூக் பல்கலைக்கழகம் இருக்கும் டேர்ஹம் நகரில் காலமானார். அடக்கத் திருப்பலி, இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் திருச்சபையில் சேர்ந்த அதே இஞ்ஞாசியார் ஆலயத்தில் நடைபெற்றது. பின்னர் அவருடைய உடலைப் பிற்ஸ்பேர்க்குக்குக் கொண்டுசென்று, கல்வாரிச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.