குதிரைப் பாளையத்தில் ஆலிவர் கிராம்வெல்

இங்கிலாந்து தேசத்து ஹண்டிங்டன் நகரில் 1599ஆம் ஆண்டு பிறந்த ஆலிவர் கிராம்வெல், நாற்பத்து மூன்று வயது வரை போர்த்தொழில் பயின்றவரல்லர். சிறு நிலக்கிழாராய்ப் பண்ணை நடத்தியவர். 1642ஆம் ஆண்டு முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டபொழுது, பார்லிமெண்டு அங்கத்தினரான அவர் அறுபது குதிரை வீரரைத் திரட்டி அவர்க்குத் தலைவரானார்.

அவ்வாண்டு எட்ஜ்ஹில் களத்தில் பார்லிமெண்டின் குதிரைவீரர் பலர் சிதறி ஓடினர். கூலிக்குச் சேர்ந்தோரால் வெற்றி கிட்டாதென உணர்ந்த கிராம்வெல், கொள்கையுறுதியும் ஒழுக்கமும் உடைய உழவர் மக்களைத் தேடிச் சேர்த்தார். குடிப்பிறப்பு நோக்காது தகுதி நோக்கித் தலைவரை நியமித்தார். அது கண்டு உயர்குடியாளர் முணுமுணுத்தனர், அவர் பொருட்படுத்திலர்.

அவர் பாளையத்தில் ஒவ்வொரு வீரனும் தன் குதிரைக்குத் தானே தீவனமிட்டு, உடம்பு தேய்த்து, ஆயுதங்களைத் துலக்கி வைத்தல் அன்றாடக் கடமை. வேண்டுங்கால் வெறுந்தரையிற் படுத்துறங்குதலும் பழக்கமாயிற்று. தெய்வத்தின் பெயரால் வீண் ஆணையிட்டவன் பன்னிரண்டு பென்ஸ் அபராதம் செலுத்துவான். குடித்து வெறித்தவன் தொழுமரத்திற் பூட்டப்படுவான். தொழுகையும் சமயப் பிரசங்கமும் நாடோறும் பயின்றன. 1645ஆம் ஆண்டு அமைந்த புதுச்சேனையில் குதிரைவீரனுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஷில்லிங் சம்பளம். தன் உணவையும் குதிரைத் தீவனத்தையும் அதிலிருந்தே அவன் வாங்க வேண்டும்.

பாளையத்தில் வாளினும் கொடியது நோய். 1644ஆம் ஆண்டு, படையிற் பணிபுரிந்த கிராம்வெல்லின் மகன் ஆலிவர் நியூபோர்ட் பாக்னெல் என்னும் ஊரில் வைசூரியால் மாண்டான். அத்துயரைத் தாங்கிய தந்தை அவ்வாண்டு ஜூலையில் மார்ஸ்டன் மூர் களத்தில் வெற்றி கொண்டார்.

1645ஆம் ஆண்டு நேஸ்பியில் இளவரசர் ரூபர்ட்டின் குதிரைவீரர் எதிரியின் ஒரு பக்கத்தை முறியடித்தும், துரத்திச் சென்று மூட்டை வண்டிகளை நாடினர். கிராம்வெல்லின் வீரரோ எதிர்ப்பட்டோரை வென்றபின் அணி குலையாது நின்று, மன்னரின் காலாட்படைமேல் திரும்பினர். போரின் முடிவு அங்கேயே தீர்ந்தது.

1647இல் குதிரைவீரருக்கு நாற்பத்து மூன்று வாரச் சம்பளம் பாக்கியிருக்க, பார்லிமெண்டு படையைக் கலைக்க முற்பட்டது. கிராம்வெல் முடிவில் தம் வீரர் பக்கமே நின்றார். 1653இல் நாட்டின் காவலராகி, 1658இல் காலமானார். அயர்லாந்தின் டிராகடாவில் 1649இல் நடத்திய படுகொலை அவர் புகழுக்கு நீங்கா மாசு. எனினும், களத்து வெற்றி பாளையத்தின் அன்றாட ஒழுக்கத்தில் விளைவதென்பதை அவர் வாழ்க்கை நம் இளைஞர்க்கு உணர்த்தும்.