கள்ளுக்கடையை மூடிய ராஜாஜி

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சற்று நேரத்தில் கிண்டி வந்துவிடும். அங்கே சர்தார் பட்டேல் சாலையில், காந்தி மண்டபத்தை ஒட்டி, ராஜாஜியின் நினைவாலயம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கு வருகிறார்கள்.

ராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். இந்தியர்களில் அந்தப் பதவியை வகித்தவர் அவர் ஒருவரே. 1954-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். ராமாயணத்தை எளிய தமிழில் எழுதினார். ஆனாலும் அவர் ஆயுள் முழுவதும் விடாமல் பிடித்திருந்த காரியம் ஒன்று உண்டு. அதுதான் மதுவிலக்கு.

கிராமத்தில் பிறந்தவர்

1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி என்ற சிறிய கிராமத்தில் ராஜாஜி பிறந்தார். அப்போது அது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தகப்பனார் அந்தக் கிராமத்தின் முன்சீப்.

பையன் நன்றாகப் படித்தான். பெங்களூரிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பை முடித்தான். வக்கீலாகி, 1900-ம் ஆண்டு சேலத்தில் தொழில் தொடங்கினான். சில ஆண்டுகளிலேயே ராஜகோபாலாச்சாரி என்றால் சேலத்தில் தெரியாதவர் இல்லை. கையில் பணம் புரண்டது. 1917-ல் நகரசபைத் தலைவரும் ஆனார்.

இதற்கிடையே துக்கமும் வந்தது. மனைவி இளம் வயதிலேயே இறந்தார். ஐந்து குழந்தைகள். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1919-ல் காந்தியடிகளைச் சந்தித்தார். வாழ்க்கையே மாறியது. நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை விட்டார். கதர் கட்டினார். சிறை சென்றார்.

ஆசிரமத்தில் கண்ட காட்சி

1925-ம் ஆண்டு, திருச்செங்கோட்டுக்கு அருகில் உள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அதைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? பெரியார் ஈ.வெ.ரா.! கள்ளை எதிர்த்துத் தமது தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர் அவர். பின்னாளில் அரசியலில் இருவரும் எதிர் எதிர்த் துருவங்கள் ஆனார்கள். நட்பு மட்டும் கடைசி வரை நீடித்தது.

வறட்சி மிகுந்த ஊர் அது. ஏழைப் பெண்கள் ஆசிரமத்தில் பஞ்சு வாங்கிப் போய் நூல் நூற்றுக் கொடுப்பார்கள். அதற்குக் கூலியாகச் சில அணாக்கள் கிடைக்கும். வீட்டில் அடுப்பு எரிய அதுதான் வழி. ஆனால், புருஷன் குடிகாரனாக இருந்தால் அந்த அணாக்கள் கள்ளுக்கடைக்குப் போய்விடும். குழந்தைகள் பட்டினி கிடக்கும்.

கள்ளுக்கடை சர்க்கார் அனுமதியோடு நடந்தது. ஆண்டுதோறும் கடைகளை ஏலம் விடுவார்கள். அதிகப் பணம் கேட்டவருக்குக் கடை. போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்றால் அவர் நிறைய விற்க வேண்டும். ஆக, ஏழை குடித்தால்தான் சர்க்காருக்கு வருமானம். இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று ராஜாஜி முடிவு செய்தார்.

1929-ல் மதுவிலக்குக்கு என்றே ‘விமோசனம்’ என்ற மாதப் பத்திரிகை தொடங்கினார். அதில் அவருக்கு உதவி ஆசிரியராக இருந்தவர், பிற்காலத்தில் ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கி. கதையும் படமுமாகக் குடியின் கேட்டை எடுத்துச் சொன்னது அந்தப் பத்திரிகை. பத்து இதழ்கள்தான் வெளிவந்தன. அதற்குள் 1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் வந்தது. வேதாரண்யத்துக்கு நடந்தே சென்று ராஜாஜி சிறை புகுந்தார்.

சேலத்தில் முதல் சட்டம்

1937-ம் ஆண்டு ஜூலை மாதம் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். மாகாண முதல்வரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்.

பதவி ஏற்ற மூன்றாவது மாதத்தில் மதுவிலக்கு வந்துவிட்டது! 1937 அக்டோபர் 1-ந் தேதி, அவருடைய சொந்த ஜில்லாவான சேலத்தில் கடைகள் மூடப்பட்டன.

கடையை மூடினால் மட்டும் போதுமா? பக்கத்து ஜில்லாவில் வாங்கி வந்து குடிக்கலாமே? வீட்டிலேயே காய்ச்சலாமே? ராஜாஜி வக்கீல் அல்லவா! எல்லா வழியையும் சட்டம் அடைத்தது. காய்ச்சுவது குற்றம். விற்பது குற்றம். வாங்குவது குற்றம். வெளியூரிலிருந்து கொண்டு வருவது குற்றம். வைத்திருப்பதும் குடிப்பதும் குற்றம். கள், சாராயம் மட்டும் அல்ல, பணக்காரர்கள் குடிக்கும் பீர், பிராந்திக்கும் அதே சட்டம்தான்.

மரம் ஏறிப் பிழைத்தவர்களின் கதி என்ன? போதை இல்லாத பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச அனுமதி கொடுத்தார்கள். அப்படியும் பிழைப்பை இழந்து கஷ்டப்பட்டவர்கள் உண்டு. ராஜாஜி மீது அவர்களுக்கு இருந்த மனத்தாங்கலும் நியாயமானதே.

பணத்துக்கு என்ன வழி?

பெரிய கேள்வி வேறு ஒன்று இருந்தது. மாகாண சர்க்காரின் வருமானத்தில் சுமார் கால் பங்கு மதுவிலிருந்தே வந்தது. மதுவை ஒழித்தால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கிருந்து வரும்?

ராஜாஜி ஒரு புது வழி கண்டார். கடைகளில் விற்கும் சாமான்களின் மீது ஒரு சிறு வரி. 1939-ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் சென்னைதான். வியாபாரிகள் எதிர்த்தார்கள். ராஜாஜி அசையவில்லை. ஏழையின் குடியில் வரும் பணத்தைவிட, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் பணம் மேல் என்பது அவர் கணக்கு.

1938-ல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும் பின்பு வட ஆற்காட்டுக்கும் மதுவிலக்கு பரவியது. 1939 அக்டோபரில், யுத்தப் பிரச்னையில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜிநாமா செய்தது. அதன் பிறகு வெள்ளைக்கார சர்க்கார் மதுவிலக்கைக் கைவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின் அது திரும்ப வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அப்போது ராஜாஜி டெல்லியில் கவர்னர் ஜெனரல்.

சட்டத்தில் ஓட்டைகளும் இருந்தன. பர்மிட் வைத்திருந்த சிலர் சட்டப்படியே குடித்தார்கள். வசதி இல்லாதவர்களில் சிலர் கள்ளச் சாராயம் தேடிப் போனார்கள். அதைக் காரணம் காட்டி மதுவிலக்கே வேண்டாம் என்றவர்கள் பலர். ராஜாஜி மட்டும் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

தள்ளாத வயதில்

1971-ல் தி.மு.க. ஆட்சி மதுவிலக்கை ஒத்திவைக்க முடிவு செய்தது. ராஜாஜிக்கு அப்போது 92 வயது. வேண்டாம் என்று முதலமைச்சர் கருணாநிதியிடம் கேட்டுக்கொண்டார். பலன் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி மதுவிலக்கு விலகியது. மறு ஆண்டு, 1972 டிசம்பர் 25-ந் தேதி, ராஜாஜி சென்னையில் காலமானார்.

பிறகு கடைகளை மூடுவதும் திறப்பதுமாகக் காலம் ஓடியது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடையில் பாட்டிலை வாங்கி, பக்கத்தில் உள்ள பாருக்கு எடுத்துப் போய்க் குடிக்கிறார்கள். கொண்டு வருவதே குற்றம் என்றது 1937-ம் ஆண்டுச் சட்டம். இன்று மது வியாபாரம் நடப்பதும் பல திருத்தங்கள் பெற்ற அதே சட்டத்தின் கீழ்தான்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மது வருமானத்துக்கு மாற்றாக ராஜாஜி கொண்டு வந்தது விற்பனை வரி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரும்பாலான சாமான்கள் மாநில வரியிலிருந்து விலகி அதற்குள் போயின. பெட்ரோல், டீசல் போலவே மதுவும் அதில் சேரவில்லை. மதுவை விரட்ட வந்த வரி, இன்று மது பாட்டிலிலிருந்தே வசூலாகிறது.

ராஜாஜியின் சட்டத்தில் குறை காணலாம். ஆனால் குடிகாரன் வீட்டு அடுப்பையும் சர்க்கார் கஜானாவையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தவர் அவர். கஜானாவுக்கு வேறு வழி தேடி, அடுப்பை எரிய வைக்க முயன்றார். கிண்டிக்குப் போகிறவர்கள் குழந்தைகளுக்கு இந்தக் கதையையும் சொல்ல வேண்டும்.