பால்கேயும் ஸர்க்காரின் கடிதமும்

1944-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 14-ந் தேதி நாஸிக் நகரில் எழுபத்து மூன்று வயது முதியவர் ஒருவருக்கு ஸர்க்காரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அது யுத்த காலம். கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டிருந்தது. லைஸென்ஸ் இல்லாமல் எவரும் படம் பிடிக்கலாகாது. இன்னும் ஒரு படம் எடுத்துப் பார்க்க அனுமதி வேண்டுமென்று அம்முதியவர் முந்திய மாதம் விண்ணப்பம் செய்திருந்தார். அனுமதிப்பதற்கில்லை என்பதே வந்த பதில். 16-ந் தேதி அவர் காலமானார். இந்நாட்டின் முதல் முழுநீளக் கதைப் படத்தை எடுத்த தாதாஸாஹேப் பால்கேயே அவர்.

அக்கடிதந்தான் அவர் உயிரைப் பறித்தது என்று நாம் வாதாடப் போவதில்லை. வக்கீல் தொழில் பார்த்தவர் எவரும் அத்தகைய குற்றச்சாட்டை ஒரு கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தத் துணியமாட்டார். ஆனால் ஒரு தொழிலை இந்நாட்டிலே ஸ்தாபித்தவர் தமது கடைசி மாதத்தில் அத்தொழிலைச் செய்ய உத்தரவு கேட்டுக் காத்திருந்தார், உத்தரவு கிடைக்கவில்லை. இது சரித்திரம்.

துண்டிராஜ் கோவிந்த பால்கே 1870-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 30-ந் தேதி, கோதாவரி உற்பத்தியாகும் திரியம்பகத்தில், வடமொழிப் புலமை மிக்க குடும்பத்தில் பிறந்தார். பம்பாய் ஜே. ஜே. சித்திரக் கலாசாலையிலும், பின்னர் பரோடா கலாபவனத்திலும் பயின்றார். கோத்ராவில் போட்டோ நிலையம் வைத்தார். பிளேக் நோய் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. புதைபொருள் ஆராய்ச்சி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார், விட்டார். ரவிவர்மாவின் படங்களை அச்சிட்ட அச்சுக்கூடத்தில் வேலை செய்தார். சொந்தமாக அச்சுத் தொழில் தொடங்கினார். 1909-ல் ஜெர்மனி சென்று யந்திரங்கள் வாங்கி வந்தார். பங்காளிகளுடன் மனஸ்தாபம் ஏற்படவே அதையும் உதறினார். நாற்பது வயதில் கையில் தொழில் இல்லை, குடும்பமோ பெரிது.

அந்நிலையில்தான் பம்பாயில் ஒரு கொட்டகையில் ஏசுநாதரின் சரித்திரப் படத்தைக் கண்டார். திரையில் ஏசு தோன்றியபோது அவர் மனம் ராமனையும் கிருஷ்ணனையும் நாடிற்று. அது சுதேசி இயக்கம் கிளப்பிய அனல் ஆறாத காலம். துணியையும் தீப்பெட்டியையும் நாமே செய்ய வேண்டும் என்றால் படத்தை மட்டும் ஏன் அன்னியன் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்ததில் வியப்பில்லை. இரவும் பகலும் படங்களைப் பார்த்தும் படித்தும் சோதித்தும் சில நாள் பார்வையையே இழந்திருந்தார். இன்ஷ்யூரன்ஸ் பத்திரத்தை ஈடு வைத்து, 1912 பிப்ரவரியில் லண்டன் சென்று, காமிராவுடன் திரும்பினார். முதலில் தொட்டியில் விதைத்த பட்டாணி முளைத்துக் கொடியாவதைச் சிறிது சிறிதாகப் பிடித்து ஒரு சிறு படமாகக் காட்டினார். பணம் போட ஓர் ஆள் அதன் பிறகே கிடைத்தது. போதாதற்கு மனைவி ஸரஸ்வதிபாயின் நகைகளும் போயின.

இவ்வம்மையாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. படத்தில் வேலை செய்தோர் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவர் அவர்; இரவில் பிலிமுக்குத் துளையிட்டவரும், ரஸாயனம் கலந்தவரும் அவரே. முதற் படத்தின் பெருமையில் பாதி அவருக்கு உரியது. நமது சரித்திரக்காரர்கள் அந்தப் பாதியை இன்றும் சரியாகக் கொடுத்தபாடில்லை.

ஹரிச்சந்திரன் கதையை எடுத்தபோது நடிக்கப் பெண்கள் முன்வரவில்லை, விலைமாதரும் மறுத்தனர். ஓட்டலில் வேலை பார்த்த ஸாளுங்கே என்ற இளைஞர் தாராமதியாக நடித்தார். பால்கேயின் மகனே லோகிதாசன். படத்தில் வேலை என்று வெளியே சொன்னால் ஊரார் இழிவாகப் பேசுவர். ஆகையால் ஹரிச்சந்திரன் என்பவரது தொழிற்சாலையில் வேலை என்று சொல்லுமாறு பால்கே தம் ஆட்களுக்குச் சொல்லி வைத்தார். வாசகர்கள் இதைச் சிறிது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 3,700 அடி நீளமுள்ள அப்படம் 1913-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி பம்பாய் காரனேஷன் கொட்டகையில் பொதுஜனங்களுக்குக் காட்டப்பட்டது.

1914-ல் தம் படங்களுடன் மறுபடி லண்டன் சென்றார். அங்கேயே தங்கிப் படம் எடுத்தால் சம்பளமும் லாபத்தில் பங்கும் தருவதாக ஆங்கிலக் கம்பெனியார் அழைத்தனர். மறுத்துத் திரும்பினார். அவ்வருஷமே யுத்தம் மூண்டது. பணம் கொடுத்து வந்தவர்கள் கையை மூடிக்கொண்டனர். கடன் கேட்டு அலைந்தார். லோகமான்ய திலகரின் ஆதரவு அவருக்கு இருந்தது; சில சமஸ்தானாதிபதிகளும் உதவினர். ராஜாங்கம் உதவியதாக எங்கும் காணோம். 1917-ல் வெளிவந்த லங்கா தகனம் குவித்த சில்லறைக் காசுகளைச் சென்னையில் மாட்டு வண்டியில் ஏற்றிப் போலீஸ் காவலுடன் கொண்டு சென்றார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஸர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1918-ல் ஸினிமாச் சட்டம் பிறந்தது. பின் தணிக்கைச் சபைகள். வங்காளத்தில் 1922-லும் பம்பாயில் 1923-லும் கேளிக்கை வரி. சட்டமும் கத்தரியும் வரியும் வந்த வேகத்தில் மூலதனம் வரவில்லை. பம்பாய் வணிகர் ஐவருடன் 1918-ல் பால்கே ஹிந்துஸ்தான் கம்பெனியை அமைத்தார். பணம் அவர்களுடையது, உழைப்பு இவருடையது. கணக்குப் பார்ப்பவருக்கும் கலைஞருக்கும் ஒத்துவருமா? சண்டையிட்டுக் காசிக்குப் போய் நாடகம் எழுதினார். 1922-ல் திரும்பி வந்து சம்பளத்துக்குப் படம் எடுத்தார்.

1927-ம் வருஷம் அக்டோபரில் இந்தியா ஸர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தது. அதன் தலைவர் நமது சென்னை வக்கீல் திவான்பகதூர் டி. ரங்காச்சாரியார். ஸர்க்காருக்கு உள்ளூர இருந்த நோக்கம் வேறு. அமெரிக்கப் படங்கள் இங்கே வெள்ளமாய் வந்துகொண்டிருந்தன. காட்டப்பட்ட கதைப் படங்களில் இந்தியப் படங்கள் நூற்றுக்கு ஏறக்குறைய பதினைந்தே. அமெரிக்கருக்குப் பதில் பிரிட்டிஷ் படங்களுக்குச் சலுகை காட்ட வழியுண்டா என்று பார்ப்பதே அதிகாரிகளின் ஆவல். கமிட்டியார் 9,400 மைல் பிரயாணம் செய்து 353 பேரை விசாரித்தனர். சாட்சி சொன்னவர்களில் பால்கேயும் ஒருவர். 1928 மே மாதத்தில் வந்த அறிக்கை அதிகாரிகள் எதிர்பார்த்ததன்று. அமெரிக்கப் படம் அளவுக்கு மீறி வருவது கெடுதல் என்றால், பிற மேனாட்டுப் படங்கள் அளவுக்கு மீறி வருவதும் அதே கெடுதல்தான் என்று ரங்காச்சாரியார் பக்கத்தார் தீர்த்துவிட்டனர். படம் எடுப்போருக்கு ஸர்க்கார் கடன். கச்சா பிலிமுக்குச் சுங்கவரி ரத்து. வெளிநாடு சென்று தொழில் கற்க உபகாரச் சம்பளம். தொழிலைக் கவனிக்க மத்திய இலாகா. கொட்டகைகளில் இந்தியப் படங்களுக்குக் கட்டாயப் பங்கு—இவை சிபார்சுகள். கமிட்டியிலிருந்த ஐரோப்பியர் மூவர் முக்கியமானவற்றில் மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினர். அறிக்கை அலமாரிக்குப் போயிற்று.

பழியை அன்னிய ஸர்க்கார் மேல் மட்டும் சுமத்திவிடுவது நேர்மையாகாது. கமிட்டி கேள்விப் பத்திரம் அனுப்பியவர்களில் காந்தியடிகளும் ஒருவர். ஸினிமாவால் யாதொரு நன்மையையும் காணவில்லை யென்றே அவர் பதில் எழுதினார். சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் 1939-ல் காங்கிரஸ் மந்திரிசபை இருந்தபோதுதான் நிறைவேறிற்று. தேசியவாதிகளில் கலைஞர்களுடன் கை கோத்து நின்ற ஸத்தியமூர்த்தி போன்றோர் சிலரே. நூற்பும் நெசவும் கண்ணில் பட்ட அளவுக்கு, ஆயிரக்கணக்கானோர் பிழைக்கும் இந்தச் சுதேசித் தொழில் நம்மவர் கண்ணிலும் படவில்லை.

பேசும் படம் 1931-ல் வந்தது. பால்கேயின் சேதுபந்தனம் 1932-ல் ஊமையாகவே வெளிவந்து, பிறகு குரல் சேர்க்கப் பெற்றது. கோலாப்பூரில் எடுத்த கங்காவதரணம் அவரது ஒரே பேசும் படம், 1937-ல் வெளியாயிற்று. ஏறக்குறைய 95 முழுப் படங்களும் 27 சிறு படங்களும் எடுத்தவருக்கு அதுவே கடைசி. 1939-ல் பம்பாயில் இந்திய ஸினிமாவின் வெள்ளி விழா நடந்தபோது, ஸத்தியமூர்த்தி தலைமை வகித்த மகாநாட்டுக்கு அவரையும் அழைத்து மரியாதை செய்தனர். தொழிலில் லக்ஷாதிபதிகள் பலர் தோன்றிவிட்ட காலம் அது. தொழிலைத் தொடங்கியவருக்குப் பணமுடிப்புத் திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பின் ஐந்தாண்டு நாஸிக் வாசம். அதன் முடிவில் அந்த விண்ணப்பம், அந்தப் பதில்.

சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் எஸ். கே. பாட்டீல் தலைமையில் இன்னொரு கமிட்டி. 1951-ல் அதன் அறிக்கை. கடன் கொடுக்கும் கார்ப்பரேஷனும் புனாவில் பயிற்சி நிலையமும் 1960-ல்தான் வந்தன. ரங்காச்சாரியார் கேட்டு முப்பத்திரண்டு வருஷமாகியிருந்தது. பால்கே பெயரால் பரிசு 1969-ல் ஏற்பட்டது. ஸினிமாவைக் கைத்தொழிலாக ஏற்பதாக மத்திய ஸர்க்கார் அறிவித்தது 1998-ல். பாங்கிகளிடம் முறையாகக் கடன் கேட்க அதன் பிறகே வழி பிறந்தது. தொழிற்சாலையில் வேலை என்று ஸாளுங்கேயும் மற்றவர்களும் சொல்லிக்கொண்டதை ராஜாங்கம் ஒப்புக்கொள்ள எண்பத்தைந்து வருஷங்கள் சென்றன.

பழைய படங்களைக் காக்கும் தேசிய நிலையம் 1964-ல் புனாவில் தொடங்கிற்று. அதற்குள் பெரும்பாலான ஊமைப் படங்கள் எரிந்தும் மக்கியும் போய்விட்டன. ஹரிச்சந்திரன் படத்தின் நான்கு சுருள்களில் முதலாவதும் கடைசியும் மட்டும் அங்கே இருக்கின்றன.