மழை நீரைத் துடைத்த மங்கை

மழை கொட்டுகிறது. பழைய கார் ஒன்று போய்க் கொண்டிருக்கிறது. டிரைவர் வைப்பரைப் போடுகிறார். அது தூக்கத்தில் எழுந்த சோம்பேறியைப் போல மெள்ளக் கிளம்புகிறது. பாதிக் கண்ணாடி வரை போகிறது. நின்று யோசிக்கிறது. பிறகு திரும்பி வருகிறது. அதற்குள் கண்ணாடி முழுவதும் மறுபடியும் தண்ணீர்!

எதிரே வருவது லாரியா, சைக்கிளா? ஒன்றும் தெரியவில்லை. காரில் இருக்கும் குழந்தைகள்கூட பேச்சை நிறுத்தி விடுகிறார்கள்.

அந்தச் சின்னக் கம்பியின் அருமை அப்போதுதான் தெரிகிறது.

அதைக் காருக்குக் கொடுத்தவர் ஒரு பெண். அவர் என்ஜினீயர் அல்ல. கார்க் கம்பெனி முதலாளியும் அல்ல. வாடகைக்கு வீடு விட்டுப் பிழைத்தவர். அவர் பெயர் மேரி ஆண்டர்சன்.

தந்தையை இழந்தார்

மேரி 1866-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி அமெரிக்காவில் பிறந்தார். அலபாமா மாநிலத்தில் கிரீன் கவுண்டி என்ற பகுதியில் உள்ள ஒரு பண்ணை, அவர் பிறந்த இடம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை.

மேரிக்கு 4 வயதானபோது தந்தை இறந்து விட்டார்.

1889-ல் தாயும் மகள்களும் பர்மிங்காம் நகருக்குக் குடியேறினார்கள். (இது இங்கிலாந்தில் உள்ள பர்மிங்காம் அல்ல. அலபாமாவில், இரும்புத் தொழிலால் வளர்ந்த புதிய ஊர்.) அங்கே பல குடித்தனங்கள் உள்ள ஒரு மாடிக் கட்டிடத்தைக் கட்டினார்கள். அதற்கு "பேர்மான்ட்" என்று பெயர். அதில் வந்த வாடகைதான் குடும்பத்தின் வருமானம்.

மேரிக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது. 1893-ல் வெகு தூரத்தில் உள்ள கலிபோர்னியாவுக்குப் போனார். பிரெஸ்னோ என்ற ஊரில் மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தினார். ஒரு பெண் தனியாக இதையெல்லாம் செய்வது அந்தக் காலத்தில் சாதாரணம் அல்ல. 5 ஆண்டுகளுக்குப் பிறகு, நோயுற்ற அத்தை ஒருவரைப் பார்த்துக் கொள்வதற்காக பர்மிங்காமுக்கே திரும்பி வந்தார்.

மேரி கடைசி வரை திருமணம் செய்து கொள்ளவில்லை.

டிராம் வண்டியில்...

1902-1903 குளிர் காலம். மேரி நியூயார்க் நகரைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். ஒரு நாள் டிராம் வண்டியில் ஏறினார். வெளியே மழையும் பனியும் கலந்து பெய்து கொண்டிருந்தது. அந்த ஈரப் பனி, டிரைவருக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் அப்பிக் கொண்டது.

டிரைவருக்குப் பாதை தெரியவில்லை. அவர் என்ன செய்தார்? முன்புறக் கண்ணாடியைத் திறந்து வைத்துக் கொண்டு வண்டியை ஓட்டினார். பனிக் காற்று உள்ளே அடித்தது. டிரைவரும் நடுங்கினார். பயணிகளும் நடுங்கினார்கள்.

இது அன்றாடம் நடந்த சங்கதிதான். சில டிரைவர்கள் அடிக்கடி வண்டியை நிறுத்திக் கீழே இறங்கி, கையால் துடைத்து விட்டு ஏறுவார்கள். வெங்காயத்தை நறுக்கிக் கண்ணாடியில் தேய்ப்பதும் உண்டாம். பனி பெய்தால் அப்படித்தான் என்று எல்லோரும் இருந்து விட்டார்கள்.

மேரியால் அப்படி இருக்க முடியவில்லை. டிரைவர் உள்ளே உட்கார்ந்தபடியே வெளிக் கண்ணாடியைத் துடைக்க ஒரு வழி இருக்கக் கூடாதா என்று யோசித்தார். ஊர் திரும்பியதும் படம் வரைந்தார். ஒருவரை அமர்த்தி மாதிரி ஒன்று செய்யச் சொன்னார்.

எப்படி வேலை செய்தது?

மேரியின் கருவி மிக எளிது. வண்டிக்கு உள்ளே ஒரு கைப்பிடி. வெளியே ஒரு நீண்ட கை. அதில் ரப்பர் பட்டை. டிரைவர் கைப்பிடியைத் திருப்பினால், வெளியே உள்ள ரப்பர் கண்ணாடியின் மேல் வீசித் துடைக்கும். விட்டு விட்டால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்து விடும். ரப்பர் கண்ணாடியை விட்டு விலகாமல் அழுந்தி நிற்க ஓர் எடைக்கட்டியும் வைத்திருந்தார். வெயில் காலத்தில் கழற்றி உள்ளே வைத்து விடலாம்!

இன்றைய வைப்பரிலும் உயிர்நாடி இதுதான். ரப்பர் மெதுவாக இருக்க வேண்டும். கை அழுத்தமாக இருக்க வேண்டும். திரும்பும் அச்சு இறுகாமல் இருக்க வேண்டும். இன்று கைக்குப் பதிலாக மின்சார மோட்டார் சுற்றுகிறது, அவ்வளவே.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். வைப்பர் மெதுவாகப் போனால் உடனே மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு கைகளையும் கண்ணாடியை விட்டுத் தூக்கி நிறுத்தி, சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அப்போது வேகமாக ஆடினால், குற்றம் ரப்பரிலோ கண்ணாடி அழுக்கிலோ இருக்கிறது. ரப்பரை மாற்றி, கண்ணாடியைக் கழுவினால் போதும். தூக்கிய பிறகும் மெதுவாகவே ஆடினால், கை மாட்டியிருக்கும் அச்சில் துரு ஏறியிருக்கும். சில சொட்டு எண்ணெய் விட்டு அசைத்துக் கொடுத்தால் பல வண்டிகளில் சரியாகி விடும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் மோட்டாரில் உறைந்த கிரீஸையும் ஒயர் முனைகளையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

இடையில் ஒரு காலத்தில், எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தைக் கொண்டே ஓடும் வைப்பர்கள் இருந்தன. அது பெரிய வேடிக்கை. மேட்டில் ஏற ஆக்சிலேட்டரை மிதித்தால் வைப்பர் படுத்து விடும். காலை எடுத்தால் பறக்கும்!

உரிமை கிடைத்தது, பணம்?

1903-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி, தன் கருவிக்கு பேட்டன்ட் உரிமை கேட்டு மேரி மனுச் செய்தார். அதற்கு 2 நாள் முன்புதான் போர்டு கார் கம்பெனி பதிவாகியிருந்தது. கார் என்பதே பலர் கண்ணால் காணாத பொருளாக இருந்த காலம் அது. அதே ஆண்டில் வேறு சிலரும் இதுபோன்ற கருவிகளுக்கு முயன்றார்கள். ஆனால் சரியாக வேலை செய்த முதல் வைப்பர் என்று பெயர் வாங்கியது மேரியுடையதுதான்.

நவம்பர் 10-ந் தேதி உரிமை கிடைத்தது. எண் 7,43,801. இனி 17 ஆண்டுகளுக்கு அவர் அனுமதி இல்லாமல் யாரும் அதைச் செய்து விற்க முடியாது.

ஆனால் வாங்க ஆள் வர வேண்டுமே!

1905-ல் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு உரிமையை விற்க முயன்றார். வியாபாரத்துக்கு உதவாத பொருள் என்று சொல்லி அவர்கள் மறுத்து விட்டார்கள். கண் முன்னால் ஒரு கம்பி ஆடிக் கொண்டிருந்தால் டிரைவரின் கவனம் சிதறும் என்று சிலர் பயந்தார்களாம். கண்ணாடியே தெரியாமல் ஓட்டுவது அவர்களுக்குப் பயமாக இல்லை போலும்!

பேட்டன்ட் பத்திரம் மேரியிடமே கிடந்தது. ஆண்டுகள் ஓடின. 1913-ல் போர்டு தொழிற்சாலையில் ஓடும் வரிசை முறை வந்தது. கார்கள் வரிசையாகப் பிறந்தன. வைப்பரும் பரவியது. 1917-ல் சார்லட் பிரிட்ஜ்வுட் என்ற இன்னொரு பெண், மின்சாரத்தில் ஓடும் வைப்பருக்கு உரிமை பெற்றார். அவருக்கும் லாபம் கிட்டவில்லை.

1920-ல் மேரியின் 17 ஆண்டு முடிந்தது. இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம். 1922-ல் காடிலாக் கம்பெனி தன் கார்கள் எல்லாவற்றிலும் வைப்பரைப் பொருத்தியது. பிறகு மற்றக் கம்பெனிகளும் பின்பற்றின. மேரிக்கு அதில் ஒரு காசுகூட வரவில்லை.

முதுமை

அவர் வறுமையில் வாடவில்லை. பர்மிங்காமில் அந்தக் கட்டிடத்தைக் கடைசி வரை நிர்வகித்து வந்தார். தெருவில் போன ஒவ்வொரு காரிலும் அவருடைய யோசனை ஆடிக் கொண்டு போனது. ஓட்டியவர்களுக்கு அவரைத் தெரியாது.

1953-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி, டென்னசி மாநிலத்தில் மான்டீகிள் என்ற ஊரில் இருந்த தன் கோடை வீட்டில் மேரி இறந்தார். அப்போது அவருக்கு வயது 87. உடல் பர்மிங்காமுக்குக் கொண்டு வரப்பட்டு, எல்ம்வுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

2011-ல் அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் இறந்து அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.